டீச்சர் சாப்பிட்ட பயில்வான் பவுடர்

மருந்துக் கடைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் பாதிப் பேராவது இந்த வாரத்தில் ஒரு தடவை, "இது மருந்து இல்லைங்க, சும்மா சத்துப் பவுடர்தான், தாராளமா சாப்பிடுங்க" என்று யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள். நானும் சொன்னவன்தான். அறுபதுகளின் நடுவில், செஞ்சிக் கடைத்தெருவில் நின்றுகொண்டு சொன்னேன். அந்த ஒரு வார்த்தையால் ஒரு பெண்ணின் உயிர் போகப் பார்த்தது. நாற்பது வருஷம் மருந்து கொடுத்திருக்கிறேன். என் கை ஒரு நாளும் தப்பான புட்டியை எடுத்ததில்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் மார்தட்டிச் சொல்வேன். தப்பு செய்தது வாய். அதைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அந்த நாளில் எங்களைக் கம்பவுண்டர் என்பார்கள். டாக்டரிடம் போனால் வரிசையில் உட்கார வேண்டும். என்னிடம் வந்தால் நின்ற நிலையிலேயே பதில் கிடைக்கும். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் அரை டாக்டர். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, மாட்டுக்குக் குளம்பில் புண், மாப்பிள்ளைக்கு முகப்பரு என்று எல்லாமே என்னிடம் வரும். எனக்கும் அதில் ஒரு கிறக்கம். கேட்டவர் வாயை மூடுவதற்குள் பதில் சொல்லிவிடுவேன். யோசித்துச் சொன்னால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. முன்பக்கப் பலகையில் டப்பாக்கள்: குழந்தைகளுக்கான பால் பவுடர், மால்ட், குளுக்கோஸ். அவற்றை முதலாளி எடுத்துக் கொடுக்கலாம், அவர் மச்சான் எடுத்துக் கொடுக்கலாம், வாங்க வந்தவரே கையை நீட்டி எடுத்துக்கொள்ளலாம். பின்னால் கண்ணாடி அலமாரியில் புட்டிகளும் மாத்திரைகளும். அதன் சாவி என் இடுப்பில் இருக்கும், நான் மட்டும்தான் திறப்பேன். வருஷக்கணக்காக இப்படி நின்று நின்று, டப்பா என்றால் சாப்பாடு, அலமாரி என்றால் மருந்து என்று என் மண்டையிலும் இரண்டு பலகை விழுந்துவிட்டது. டப்பாவை யார் நீட்டினாலும் அதன் மேல் எழுதியிருப்பதை நான் படிப்பதில்லை.

ரஞ்சிதம் டீச்சர் என்று ஒருவர் எங்கள் கடைக்கு மாதாமாதம் வருவார். தொண்டூர்க்காரர். அவருடைய நைனா ஊரார் வயலில் கடலை பிடுங்கியே ஆயுசைக் கழித்தவர். அந்த வீட்டிலிருந்து படித்து, சிங்கவரம் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தார். தொண்டூரிலிருந்து பஸ்ஸில் செஞ்சிக்கு வந்து, அங்கிருந்து சிங்கவரத்துக்கு நடப்பார். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். ஆனால் அந்த வருஷம் அவரைப் பார்த்தால் நாற்பது சொல்வீர்கள். முகம் உப்பியிருந்தது, குரல் கட்டையாகிவிட்டது, மத்தியான வெயிலிலும் தோளைச் சுற்றி ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வருவார். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கை சோர்ந்து நின்றுவிடும் என்று அவரே சொன்னார். வகுப்பில் தூங்கிவிட்டார் என்று தலைமையாசிரியர் ஒரு மெமோ கொடுத்திருந்தார்.

எங்கள் ஊரில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். கோபக்காரர், கெட்டிக்காரர், இரண்டும் அளவில்லாமல். கழுத்தைத் தொட்டுப் பார்த்ததுமே தைராய்டு என்று சந்தேகப்பட்டு, மெட்ராசுக்கு அனுப்பிப் பரிசோதனை செய்ய வைத்தார். சந்தேகம் சரியாகத்தான் இருந்தது. கழுத்துச் சுரப்பி போதுமான அளவு சுரக்கவில்லை. தைராய்டு மாத்திரையை மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்தார். சில வாரங்களுக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன், அவசரப்பட்டால் இதயம் தாங்காது என்று டீச்சரிடம் சொல்லியே அனுப்பினார். அந்தச் சீட்டுக்கு மருந்து கொடுத்தவன் நான்தான்.

டாக்டருக்குப் பொறுமை இருந்தது. மெமோ வாங்கியவருக்கு எப்படி இருக்கும்? இன்னொரு மெமோ வந்தால் வேலை போய்விடும். அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டில் நாலு பேர்.

டீச்சருக்கு ஏழுமலை என்று ஒரு தம்பி. அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன். மலையடிவாரத்தில் இருந்த தேகப்பயிற்சிக் கழகத்தில் தினமும் காலையில் கர்லாக்கட்டை சுற்றி, இரும்பு தூக்கி, விழுப்புரத்தில் நடக்க இருந்த ஆணழகன் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். அந்தக் கழகத்துக்கு மெட்ராசிலிருந்து ஒரு மாஸ்டர் அவ்வப்போது வந்து போவார். அவர் கொண்டுவந்து விற்ற டப்பாதான் இந்தக் கதைக்குக் காரணம். மேலே தொடையும் தோளும் புடைத்த ஒரு வெள்ளைக்காரனின் படம். உள்ளே பழுப்பு நிறப் பவுடர். உடம்பில் இருக்கிற சுரப்பிகளையெல்லாம் அது தட்டி எழுப்பும், கொழுப்பைக் கரைத்துச் சதையை இறுக்கும் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். சுரப்பி என்ற சொல்லைக் கேட்டதும் ஏழுமலைக்கு அக்கா ஞாபகம் வந்திருக்கிறது. தன் பங்கில் ஒரு டப்பாவை அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். அக்கா மேல் உயிரையே வைத்திருந்த பையன், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது.

ஆனால் டீச்சர் அதை உடனே சாப்பிடவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். படித்தவர் அல்லவா, டப்பாவைப் பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். மார்கழிக் காலை. கடையில் நல்ல கூட்டம்.

"அண்ணே, இத என் தம்பி வாங்கியாந்தான். பயில்வானுங்க சாப்புட்றதாம். கழுத்துச் சுரப்பிக்கும் நல்லதுன்னு மாஸ்டரு சொன்னாராம். நான் சாப்டலாமா?"

நான் டப்பாவை வாங்கக்கூட இல்லை. அவர் கையில் இருந்தபடியே மூடியில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"புட்டியில வந்தாதான் மருந்து டீச்சர். டப்பாவுல வந்தா சாப்பாடு. பால்ல கலந்து குடிங்க. ஒண்ணியும் ஆவாது."

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. டீச்சரும் சிரித்துக்கொண்டே போனார்.

தை பிறந்தபோது ஆளே மாறிவிட்டார். முகத்து வீக்கம் வடிந்து கண்ணும் மூக்கும் வெளியே வந்தன. துண்டைக் காணோம். நடையில் ஒரு விறுவிறுப்பு. "பசங்க என்னியப் பாத்து பயப்புட்றானுங்க அண்ணே, டீச்சரு தூங்கவே மாட்டேங்குதுன்னு" என்று சொல்லிச் சிரித்தார். மாத்திரை வாங்கும்போது, "நீங்க சொன்ன பவுடரு நல்லா வேலை செய்யுது" என்றார். நான் சொன்ன பவுடராம்! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தைக் குளிரில் அவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்ததை அன்றைக்கே பார்த்தேன். பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்திருப்பார் என்று நானே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டேன். மனம் குளிர்ந்திருக்கிறபோது கண் பார்க்க வேண்டியதைப் பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எனக்குப் பின்னால்தான் சொன்னார்கள். படபடப்பு அதிகமாகி டீச்சர் டாக்டரம்மாவிடம் போயிருக்கிறார். டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு, "என்ன மருந்தெல்லாம் சாப்பிடறே?" என்று கேட்டிருக்கிறார். "நீங்க குடுத்த மாத்திரை மட்டுந்தான்" என்று இவர் சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவில்லை. பவுடர் சாப்பாடு என்று கம்பவுண்டரே சொல்லிவிட்டாரே! டாக்டரிடம் போய் யாராவது காலையில் இட்லி சாப்பிட்டதைச் சொல்வார்களா? டாக்டர், மாத்திரை அளவு கூடிவிட்டது போலிருக்கிறது என்று அதைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். மாத்திரையைக் குறைத்ததும் பழைய வீக்கமும் தூக்கமும் திரும்பிவிடுமோ என்று டீச்சருக்குப் பயம். இன்னொரு மெமோவை நினைத்துப் பவுடரை இரண்டு வேளையாக்கிவிட்டார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, பத்து மணி வாக்கில், ஏழுமலை கடைக்குள் பாய்ந்து வந்தான். கையில் டாக்டரம்மாவின் சீட்டு.

"அண்ணே, சீக்கிரம் குடுங்க. அக்கா பஸ்ல வர்ற வழியிலயே மயங்கி விழுந்துடுச்சி. டாக்டரம்மா பெஞ்சில படுக்க வெச்சிருக்குது. மூச்சு வாங்குது, நெஞ்சு தறிகெட்டு அடிக்குது."

சீட்டைப் பார்த்தேன். இதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுக்கிற டிஜிடாலிஸ். மாத்திரையைக் குறைத்தும் நாடி அடங்கவில்லை, அதனால் இதயமே கெட்டுவிட்டது என்று டாக்டர் முடிவுக்கு வந்திருக்கிறார் என்று புரிந்தது. அவருக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அந்த முடிவில் தப்பு இல்லை. அலமாரியைத் திறந்து புட்டியில் கை வைத்தேன். அப்போதுதான் தை மாதத்தில் டீச்சர் நெற்றியில் பார்த்த வியர்வை ஞாபகம் வந்தது. டிஜிடாலிஸ் விளையாட்டு மருந்து இல்லை. நோய் வேறாக இருந்தால் அது பலிக்காது. பலிக்கவில்லை என்று அளவை ஏற்றிக்கொண்டே போனால் அதுவே விஷம்.

"ஏழுமலை, உங்கக்கா அந்தப் பவுடர இன்னும் சாப்புடுதா?"

"சாப்புடுது. ரெண்டு வேள. இன்னாத்துக்கு அண்ணே?"

"டாக்டரம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சாப்பாட்டப் போயி இன்னாத்துக்குச் சொல்றது? நீங்கதான சொன்னீங்க, டப்பாவுல வந்தா சாப்பாடுன்னு."

என் வார்த்தை டீச்சரைச் சாப்பிட வைத்ததோடு நிற்கவில்லை, டாக்டரிடம் சொல்லவிடாமல் வாயையும் கட்டிவிட்டது. முதல் தப்பைவிட இது பெரியது.

ஆனால் பவுடர்தான் காரணம் என்று எனக்கு எப்படித் தெரியும்? சந்தேகத்தை வைத்துக்கொண்டு டாக்டரின் சீட்டை நிறுத்த முடியாது. உயிர் ஊசலாடுகிற நேரத்தில், கம்பவுண்டர் தன் மூளையைக் காட்டுகிறான் என்று ஆகிவிடும். அப்போது ஏழுமலையைப் பார்த்தேன். இரும்பைத் தூக்கித் தூக்கி வளர்த்த உடம்பு, ஆனால் கன்னம் ஒட்டியிருந்தது. சட்டை முழுக்க வியர்வை. ஓடிவந்த வியர்வையா? இவனும் அதே பவுடர்தானே சாப்பிடுகிறான்? இவன் கழுத்துச் சுரப்பியில் ஒரு கோளாறும் இல்லையே?

"உக்காருடா."

"அண்ணே, அங்க அக்கா..."

"உக்காருன்றேன்ல."

ஸ்டூலில் உட்கார வைத்து, மூச்சு நிதானமாகும்வரை காத்திருந்தேன். அந்த இரண்டு மூன்று நிமிஷம் போல நீளமான நேரத்தை நான் கண்டதில்லை. பிறகு கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினேன். உட்கார்ந்திருக்கிற பயில்வானுக்கு எழுபதைத் தாண்டக் கூடாது. இவனுக்கு நூற்றுப் பத்துக்கு மேல் போயிற்று. இரண்டு கையையும் நேராக நீட்டச் சொன்னேன். பவுடர் மருந்தைப் பொட்டலம் மடிக்கிற மெல்லிய காகிதம் ஒன்றை எடுத்து விரல்கள் மேல் விரித்து வைத்தேன். டாக்டரம்மா ஒரு நோயாளிக்கு இப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். கை லேசாக நடுங்கினாலும் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். மூட்டை தூக்குகிற அந்தக் கையில் காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. ஏழுமலை அதையே வெறித்துப் பார்த்தான்.

"இன்னா அண்ணே இது?" என்றான். குரல் இறங்கிவிட்டது.

இரண்டு பேர், ஒரே டப்பா. நோய் ஒருத்திக்குத்தான், நடுக்கம் இரண்டு பேருக்கும். எனக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர், ஆனால் கடைப் பெயர் மேல் பயம். "உனுக்கு இன்னாத்துக்குப்பா இந்த வம்பு? சீட்டுல இருக்குறதக் குடுத்து அனுப்பு. பவுடர நிறுத்தச் சொல்லி இவன்கிட்ட சொல்லிடு. கதை முடிஞ்சிது" என்றார்.

உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்கும் அந்த யோசனை ஒரு நொடி இனித்தது. பவுடர் நின்றுவிடும், என் பெயரும் வெளியே வராது. ஆனால் பவுடரை இன்றைக்கு நிறுத்தினாலும் ஏற்கெனவே உள்ளே போனது நாளைக்கே அடங்கிவிடாது. அது தெரியாத டாக்டர், நாடி குறையவில்லையே என்று டிஜிடாலிஸை ஏற்றுவார். என் மானத்தைக் காப்பாற்றப் போய் டீச்சரைக் கொன்றுவிடுவேன். அலமாரியைப் பூட்டினேன். சீட்டையும் ஏழுமலையையும் இழுத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினேன். முதலாளி பின்னால் ஏதோ கத்தினார், காதில் வாங்கவில்லை.

டாக்டரம்மாவின் கிளினிக் அடுத்த தெரு. டீச்சர் பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கழுத்து நரம்பு துடிப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. தலைமாட்டில் அவருடைய பை, அதற்குள் நோட்டுக் கட்டு. இந்த நிலையிலும் பள்ளிக்கூடத்துக்குத்தான் கிளம்பியிருக்கிறார்.

"மருந்து எங்கே?" என்றார் டாக்டரம்மா.

"கொண்டுவரல டாக்டர். இவங்க மாத்திரையோட ஒரு பயில்வான் பவுடரும் சாப்புடறாங்க. ரெண்டு மாசமா. இந்தப் பையனும் சாப்புடறான். இவன் கையக் கொஞ்சம் பாருங்க."

டாக்டரம்மா ஏழுமலையின் கையைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக டீச்சர் பக்கம் திரும்பினார். அவர் மெதுவாகத் திரும்பினால் ஊரே நடுங்கும்.

"யார் சொல்லிச் சாப்பிட்டே?"

டீச்சர் என்னைப் பார்த்தார். மூச்சு விடவே கஷ்டப்படுகிற அந்த நிலையில், "நானாதான் சாப்ட்டேன் டாக்டரம்மா. யாரும் சொல்லல" என்றார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்ட நிமிஷம் வேறு கிடையாது.

"நான்தான் சொன்னேன் டாக்டர். டப்பாவப் படிச்சுக்கூடப் பாக்காம சொன்னேன்."

டாக்டரம்மா என்னை ஒரு நொடி பார்த்தார். "உங்களைத் திட்டறதை நாளைக்கு வெச்சுக்கறேன். இப்ப நேரமில்லே" என்றார். டிஜிடாலிஸ் சீட்டை நாலாகக் கிழித்தார். தைராய்டு மாத்திரையையும் அன்றைக்கே நிறுத்தினார். படபடப்பு தணிய ஒரு ஊசி போட்டுவிட்டு, தன் காரிலேயே டீச்சரைப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். என்ன நடந்தது என்று ஒரு முழுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஏழுமலை முன் சீட்டில் அந்தக் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே போனான். திட்டுவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்கிறேன் என்றாரே, அதையும் மறக்கவில்லை. கிளினிக்கில் காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அரை மணி நேரம் திட்டினார். ஒரு வார்த்தைகூட அதிகமில்லை.

மறுநாளே தேகப்பயிற்சிக் கழகத்துக்குப் போனேன். காலை வெயிலில் கோட்டைச் சுவர் மஞ்சளாகத் தெரிந்துகொண்டிருந்தது, கீழே பயில்வான்கள் வரிசையாக நின்று தசையை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் அன்றைக்கு வரவில்லை. பவுடர் ஆபத்து என்று நான் சொன்னதும் ஒருத்தன், "அண்ணனுக்கு உடம்பு இல்ல, அதான் பொறாம" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒல்லி, அது உண்மைதான். பேசிப் பயனில்லை என்று பையிலிருந்து பொட்டலக் காகிதக் கட்டை எடுத்தேன்.

"எல்லாரும் கைய நீட்டுங்கடா. யாரு கையில காகிதம் ஆடாம இருக்குதோ, அவன் சாப்புடட்டும்."

பத்துப் பன்னிரண்டு பேர், வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நான் ஒவ்வொருத்தன் விரல் மேலும் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டே போனேன். காற்று இல்லை. ஒரு மரத்திலும் இலை அசையவில்லை. ஆனால் காகிதங்கள் ஆடின. இரண்டே இரண்டு கையில்தான் ஆடவில்லை. ஒருத்தன் அந்த வாரம்தான் கழகத்தில் சேர்ந்தவன். இன்னொருத்தனுக்கு அந்தப் பவுடர் வாசனையே பிடிக்காதாம். என்னைக் கிண்டல் செய்தவன் கையில்தான் ஆட்டம் அதிகம். அவன் தன் கையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்தக் கழகத்தில் டப்பா நுழையவில்லை, மாஸ்டரும் வரவில்லை.

அந்தப் பவுடரில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் முதல் முறையாக அந்த டப்பாவின் மேல் இருந்ததைப் படித்தேன். சுரப்பிச் சத்து என்று இங்கிலீஷில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. எந்த மிருகத்தின் எந்தச் சுரப்பி, எவ்வளவு என்று ஒன்றும் இல்லை. ஆட்டுத் தைராய்டை உலர்த்தி அரைத்துக் கலந்திருப்பார்கள் என்று டாக்டரம்மா ஊகித்தார். நாங்கள் அளந்து அளந்து கொடுத்துக்கொண்டிருந்த அதே சரக்கை அந்த மாஸ்டர் கரண்டிக் கணக்கில் கொடுத்திருக்கிறார். இதில் ஒரு வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? ஏழுமலைக்குக் கரைந்ததில் பாதி அவன் பாடுபட்டு வளர்த்த சதை. சுரப்பிச் சரக்கு உடம்பில் அளவுக்கு மீறினால் கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் கரையும், கடைசியில் இதயம் மாட்டிக்கொள்ளும். அவன் அந்த வருஷம் விழுப்புரம் போட்டிக்குப் போகவில்லை.

இன்றைக்கு உங்கள் கடையில் டப்பாக்கள்தான் முன்னால் நிற்கின்றன. படம்தான் மாறியிருக்கிறது, ஆசை அதேதான். "ஜிம்முல சொன்னாங்க, தைராய்டுக்கும் நல்லதாம்" என்று ஒரு பெண் வந்து நிற்பார், பாருங்கள். தைராய்டைத் தூண்டிவிடுவதாகச் சொல்லிக்கொள்கிற எந்தப் பவுடரையும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் கையில் கொடுத்து, ஒன்றும் ஆகாது என்று சொல்லாதீர்கள். அதில் சுரப்பிச் சரக்கு இருக்கலாம், அயோடின் அளவுக்கு மீறி இருக்கலாம், ஒன்றுமே இல்லாமல் வெறும் மாவாகவும் இருக்கலாம். எது என்று உங்களுக்கும் தெரியாது, கொடுத்தவனுக்கும் தெரியாது. சுரப்பி குறைந்தவருக்கு வேண்டியது, டாக்டர் அளந்து கொடுத்த மாத்திரையும் காத்திருக்கிற பொறுமையும்தான். அந்தப் பொறுமைக்கு அவருக்கு நேரமில்லை என்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள். நான் கேட்டிருந்தால் மெமோ விஷயம் வந்திருக்கும். டாக்டரம்மா ஒரு கடிதம் எழுதியிருப்பார், தலைமையாசிரியர் படித்திருப்பார். பின்னால் அப்படித்தான் நடந்தது. அந்த மனுஷர் வீட்டுக்கே வந்து டீச்சரைப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதில்லை. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் வாய்க்குள் என்னென்ன போகிறது என்றுதான் கேட்பேன். இந்தக் கேள்வி எத்தனை லேகியத்தை, எத்தனை வெளியூர்ச் சூரணத்தை வெளியே கொண்டுவந்திருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பயப்பட வேண்டாம், நீங்களும் கேட்டுப் பழகிவிடுவீர்கள்.

டீச்சர் பிழைத்துக்கொண்டார். இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வைகாசியில் டாக்டரம்மா மறுபடியும் மிகக் குறைந்த அளவில் மாத்திரையை ஆரம்பித்தார், அந்தச் சீட்டோடு டீச்சர் எங்கள் கடைக்கே வந்தார். வேறு கடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. முகம் மறுபடியும் லேசாக உப்பியிருந்தது, ஆனால் கண்ணில் தெளிவு இருந்தது. நான் மாத்திரையை எண்ணி உறையில் போட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல நாளாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். "டீச்சர், அன்னிக்கி..." என்று இழுத்தேன்.

"உடுங்க அண்ணே. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார். "கடையில அத்தினி பேரு நடுவுல, எனக்குத் தெரியாது டீச்சர்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அத்தத் தொட்டே இருக்கமாட்டேன். நீங்க சொன்னா அப்படியே கேக்குறவதான நான்."

கோபமாகச் சொல்லவில்லை. உறையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, தொண்டூர் பஸ் வந்துவிட்டது என்று இறங்கிப் போனார்.